‘கி’க்கு இரண்டு கட்டம், ‘கீ’க்கு ஒன்று

என் மடிக்கணினி வாங்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. நினைவகம் 2 ஜிபிதான். அதில் உலாவியைத் திறந்து, உலாவிக்குள் இன்றைய அரட்டைச் செயலி ஒன்றைத் திறந்தால் விசிறி இரையத் தொடங்கிவிடும். இரண்டாவது செயலியையும் திறந்தால், எழுந்து போய்க் காபி கலந்து எடுத்து வந்த பிறகும் திரையில் அந்தச் சிறு வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் என் பிழைப்பு, சில சிறு நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. அதற்குக் கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையான ஒரு டெர்மினலும் ஒழுங்கான விசைப்பலகையும் இருந்தால் போதும். அந்த வேலையில் எனக்கு ஐயம் வந்தால் கேட்டுத் தெளிய வேண்டிய மனிதர்களில் பலர் இன்றைக்கும் ஐஆர்சி என்னும் பழைய இணைய அரட்டை முறையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே நான் தினமும் திறந்து வைத்திருப்பது இர்ஸி என்னும், எழுத்துகளால் மட்டுமே ஆன ஓர் அரட்டைக் கிளையன்ட், அதாவது சர்வரோடு இணையும் நம் பக்கத்து மென்பொருள். அதை நிறுவியது பத்து நிமிட வேலை. அதில் ஒழுங்காகத் தமிழில் பேசத் தொடங்குவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று.

ஐஆர்சியை 1988 ஆகஸ்ட் மாதம் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் எழுதினார். இர்ஸியும் ஃபின்லாந்தில் பிறந்ததுதான். திமோ சிராய்னென் அதை 1999 ஜனவரியில் வெளியிட்டார். மின்னஞ்சல் சர்வர் நடத்துபவர்களுக்கு அந்தப் பெயர் வேறு வழியில் பழக்கமாகியிருக்கும்: டவ்காட் என்னும் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளை எழுதியவரும் அவரே. பகலெல்லாம் அவருடைய ஒரு மென்பொருளோடு மல்லுக்கட்டிவிட்டு, அதைப் பற்றி மற்றவர்களிடம் புலம்ப அவருடைய இன்னொரு மென்பொருளைத் திறக்கிறேன் என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

டெபியன், உபுண்டு வகைக் கணினிகளில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் இர்ஸி என்று தட்டினால் வேலை முடிந்தது. ஃபெடோராவில் ஆப்ட் என்ற இடத்தில் டிஎன்எஃப்; மேக்கில் ஹோம்பிரூ; ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலிக்குள் பிகேஜி இன்ஸ்டால். விண்டோஸ்காரர்கள் அதற்குள்ளேயே லினக்ஸைத் தரும் டபிள்யுஎஸ்எல் வழியாக வந்தால் சிக்கல் குறைவு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்துகளில் எழுதுகிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதன்முறை திறப்பவர்கள் சற்றுத் திகைப்பார்கள். மேலே ஒரு நீலப் பட்டை, கீழே ஒரு நீலப் பட்டை, நடுவில் கறுப்பு, அடியில் கர்சர் துடிக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். பொத்தான் கிடையாது, மெனு கிடையாது, வரவேற்பு உபசாரம் கிடையாது. அந்தக் கடைசி வரியில் /கனெக்ட் லிபெராசாட் என்று தட்டினால், அண்மைய பதிப்புகளில் அந்த நெட்வொர்க்கின் (ஒன்றோடொன்று இணைந்த ஐஆர்சி சர்வர்களின் கூட்டம்) முகவரி ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால், நேராகப் போய் இணைந்துகொள்ளும். மற்ற நெட்வொர்க்குகளை நாமே சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது 6667 என்ற பழைய போர்ட்டை (சர்வரின் வாசல் எண்) விட்டுவிட்டு, டிஎல்எஸ் என்னும் மறையாக்கப் பூட்டு உள்ள 6697 போர்ட்டைக் கொடுப்பது நல்லது. பழையதில் நாம் தட்டுவது அனைத்தும் வழியிலுள்ள எவரும் படிக்கும்படி அஞ்சலட்டை போலப் போகும்.

லிபெரா சாட் என்ற பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கட்டற்ற மென்பொருள்காரர்கள் நெடுங்காலம் கூடியிருந்த இடம் ஃப்ரீநோட். அதன் நிர்வாகக் கட்டுப்பாடு குறித்த தகராறில் அங்கிருந்த தன்னார்வலர்கள் விலகி, 2021 மே 19 அன்று ஸ்வீடனில் லாப நோக்கற்ற அமைப்பாக லிபெராவைத் தொடங்கினார்கள். அடுத்த சில வாரங்களில் உபுண்டு, ஃபெடோரா, விக்கிமீடியா எனப் பலரும் மூட்டை கட்டினார்கள். டெபியன்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஓஎஃப்டிசி என்னும் வேறு நெட்வொர்க்குக்குப் போய்விட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. கிளையன்ட் பக்கம் பார்த்தால், எனக்கு அது ஒரு வரி மாற்றம். சேனல்கள் எனப்படும் அரட்டை அறைகளும் பழகிய பெயர்களும் அப்படியே இருந்தன. சர்வரின் முகவரி மட்டும் வேறு. நிறுவனச் செயலி ஒன்று இப்படி உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பெயரைப் பதிவு செய்வது. ஐஆர்சியில் பெயர் என்பது பேருந்து இருக்கையில் போட்ட துண்டு போன்றது; பதிவு செய்யாவிட்டால், நாம் எழுந்து போனதும் வேறொருவர் உட்கார்ந்துகொள்வார். நிக்சர்வ் என்னும் சேவைக்கு ரெஜிஸ்டர் என்ற சொல்லையும் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் முகவரியையும் அனுப்பினால், அஞ்சலில் ஒரு சரிபார்ப்புக் குறியீடு வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை இணையும்போதும் /எம்எஸ்ஜி நிக்சர்வ் ஐடென்டிஃபை என்று தட்டிக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும் என்று நான் படித்த பழைய வழிகாட்டி ஒன்று கூறியது. அதை நம்பி நான் பட்டதைச் சொல்ல வேண்டும்.

ஓர் இரவு இணைப்பு அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது முறையாக அதே கட்டளையைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தில், சாய்கோட்டுக்கு முன்னால் கட்டைவிரல் ஒரு வெற்றிடத்தை இட்டிருந்தது. இர்ஸிக்கு வரியின் முதல் எழுத்து சாய்கோடாக இருந்தால்தான் அது கட்டளை, இல்லாவிட்டால் பேச்சு. நான் இருந்ததோ நூற்றுக்கணக்கானவர் இருக்கும் ஒரு சேனல். என் பெயர், அதன் பக்கத்தில் அந்த வரி முழுவதும், வரியின் கடைசியில் கடவுச்சொல், திரையில் அழகாக வந்து நின்றது. ஐஆர்சியில் அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. அரை நிமிடம் அமைதி. பிறகு ஒருவர், “இப்போதே மாற்றிவிடுங்கள், எங்கள் எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது” என்று ஆங்கிலத்தில் எழுதினார். செட் பாஸ்வேர்ட் கட்டளையைத் தட்டுவதற்கு முன் முதல் எழுத்தை மூன்று முறை சரிபார்த்தேன்.

இதற்குச் சரியான வழி எஸ்ஏஎஸ்எல். /நெட்வொர்க் ஆட் கட்டளையோடு எஸ்ஏஎஸ்எல் பயனர்பெயர், கடவுச்சொல், முறை ஆகிய மூன்றையும் ஒரு தடவை கொடுத்துவிட்டால், அதன் பிறகு இணைப்பு ஏற்படும்போதே இர்ஸி தானாக அடையாளம் காட்டிவிடும். நம் கட்டைவிரலுக்கு வேலையில்லை. இதில் இன்னொரு பயனும் உண்டு. சாதாரணமாக இணைபவரின் ஐபி முகவரி சேனலில் உள்ள அனைவருக்கும் தெரியும். லிபெராவில் அதை மறைக்கக் கிளோக் என்னும் முகமூடியைப் பெறலாம். எஸ்ஏஎஸ்எல் வழியாக வந்தால் சேனலுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அந்த முகமூடி போடப்பட்டுவிடும். கடவுச்சொல் நம் கணினியின் கான்ஃபிக் கோப்பில் வெளிப்படையான எழுத்தில்தான் இருக்கும் என்பதால், அக்கோப்பை நாம் மட்டும் படிக்கும்படி அனுமதியை 600 என மாற்றி வைப்பது நல்லது. மாற்றங்களைச் செய்த கையோடு /சேவ் என்று ஒரு தட்டு தட்டிவிடவும்.

பயன்பாடு பழகச் சில நாள்கள் போதும். ஒவ்வொரு சேனலும் தனித்தனிச் சாளரத்தில் திறக்கும். ஆல்ட் விசையோடு எண்ணைத் தட்டினால் அதற்குத் தாவலாம். சில டெர்மினல்கள் ஆல்ட்-1ஐத் தம் தாவல்களுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். அப்போது எஸ்கேப் விசையைத் தட்டிவிட்டு எண்ணைத் தட்டலாம், கைபேசியிலும் இது உதவும். எந்தச் சாளரத்தில் புதிதாகப் பேச்சு நடந்திருக்கிறது என்பதைக் கீழ்ப் பட்டை எண்களாகக் காட்டும். நம் பெயரை யாரேனும் சொல்லியிருந்தால் அந்த எண் பளிச்சென்ற நிறத்துக்கு மாறும். பெரிய சேனல்களில் இன்னார் வந்தார், இன்னார் போனார் என்ற அறிவிப்புகள் பேச்சையே மூழ்கடிக்கும். ஜாயின்ஸ், பார்ட்ஸ், க்விட்ஸ், நிக்ஸ் ஆகிய நான்கையும் /இக்னோர் செய்ததும் என் திரையில் நிலவிய அமைதியை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன். ஆட்டோலாக் அமைப்பை ஆன் செய்து வைத்தால், நடந்த பேச்செல்லாம் நாள் நேரத்தோடு வெற்று உரைக் கோப்புகளாகச் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன ஒரு சான்றிதழ்ப் பிழையின் தீர்வைக் கோப்புகளில் சொல் தேடும் க்ரெப் கட்டளை கொண்டு ஒரு நொடியில் எடுத்திருக்கிறேன்.

இனிமேல்தான் இர்ஸியின் உண்மையான சிக்கல்கள். முதலாவது, ஐஆர்சி சர்வர் எதையும் சேமித்து வைப்பதில்லை. நீங்கள் இருக்கும்போது பேசியது உங்களுக்குக் கேட்கும். இல்லாதபோது பேசியது காற்றோடு போயிற்று. நான் இரவு பத்து மணிக்குக் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து, என் விடியற்காலையில்தான் அதைப் பார்ப்பார். ஆகவே தூங்காத கணினி ஒன்று வேண்டும். மாத வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய விபிஎஸ், அதாவது எப்போதும் இயங்கும் ஒரு மெய்நிகர் சர்வர், போதும். அதில், நாம் விலகிய பின்னும் நிரல்களை ஓடவிடும் டிமக்ஸைத் திறந்து, அதற்குள் இர்ஸியை ஓட்டி, கன்ட்ரோல்-பி, டி என்று தட்டினால் நாம் விலகிக்கொள்ளலாம். இர்ஸி அங்கேயே விழித்திருக்கும். மறுநாள் வந்து டிமக்ஸ் அட்டாச் என்றால், விட்ட இடத்தில் திரை நிற்கும். பேருந்தில் போகும்போது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு ஒவ்வொரு கோபுரம் மாறும்போதும் உறைந்துவிடுவதால், அதற்கு மாற்றாக யுடிபி வழியே இயங்கும் மாஷைப் பயன்படுத்துகிறேன். ஊருக்குப் போகும் வழியில் சிக்னல் செத்து மீண்டும் உயிர்த்தால், மாஷ் எதுவும் நடக்காததுபோல் தொடரும்.

ஒரே நேரத்தில் எல்லோரும் அங்கிருக்க வேண்டும் என்ற இந்தக் குறையையே முறையாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மேற்கு வங்கத்தின் துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு 2008 முதல் கோடைக்காலப் பயிற்சியை ஐஆர்சியிலேயே நடத்தியது. வருகைப் பதிவு உண்டு. கேள்வி கேட்க விரும்புபவர் ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் தட்டிவிட்டுத் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நூறு பேர் உள்ள இடத்தில், ஒலி நிறுத்தமும் கை தூக்கும் பொத்தானும் இல்லாமல், ஒற்றைக் குறியால் வகுப்பை ஒழுங்காக நடத்த முடிந்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல் தமிழ். வெளியூரில் இருக்கும் என் நண்பர் ஒருவரும் இதே பைத்தியம் பிடித்தவர். விபிஎஸ்ஸில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு அவருக்கு முதல் செய்தியாக ‘வணக்கம்’ என்று தட்டினேன். என் திரையில் வந்தது ஐந்து அடிக்கோடுகள். அவர் பதில் அனுப்பினார், அதுவும் அடிக்கோடுகள். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவருக்கொருவர் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். காரணம் எளியது. புதிய விபிஎஸ்ஸின் மொழிச்சூழல் வெறும் ‘சி’ என்று இருந்தது. தமிழ் உள்ளிட்ட எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறை தெரியாத டெர்மினல் இது என்று முடிவுகட்டிய டிமக்ஸ், தனக்குப் புரியாத ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அடிக்கோட்டை வைத்துவிட்டது. லாங் என்னும் மாறியைச் சி.யுடிஎஃப்-8 என்று மாற்றியதும் எழுத்துகள் வந்தன. மாஷ் இந்த வகையில் கறாரானது. யுடிஎஃப்-8 சூழல் இல்லாவிட்டால் தொடங்கவே மறுத்துவிடும்.

எழுத்துகள் வந்தனவே தவிர, இடத்தில் நிற்கவில்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில், ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்தது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் என்று பின்னர் ஒதுக்கினார்கள். நம் உயிர்மெய்க்கு என்ன செய்வது? யுனிகோடில் ‘கி’ என்பது ககரமும் அதன்மேல் ஒரு குறியும், ‘கீ’யும் அவ்வாறே. ஆனால் இகரக் குறி தனக்கென இடம் பிடிக்கும் குறி என்றும், ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காதவை என்றும் யுனிகோடு பிரித்து வைத்திருக்கிறது. அந்த அட்டவணையைப் பார்த்துக் கட்டத்தை எண்ணும் மென்பொருள்கள் ‘கி’க்கு இரண்டு கட்டமும் ‘கீ’க்கு ஒரு கட்டமும் ஒதுக்குகின்றன. குறில் இரண்டு, நெடில் ஒன்று! மாத்திரையைத் தலைகீழாகப் பிடித்தாற்போல என்று நண்பர் சிரித்தார்.

எல்லோரும் ஒரே மாதிரித் தவறாக எண்ணினால்கூடப் பிழையில்லை. என் அமைப்பில் எண்ணுபவர்கள் நால்வர்: இர்ஸி, டிமக்ஸ், மாஷ், கடைசியாக என் கண்முன் இருக்கும் டெர்மினல். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணை. ஒருவர் இந்த வரி 41 கட்டம் என்பார், மற்றவர் 38 என்பார். விளைவாகக் கர்சர் ஓரிடத்தில் துடிக்க, எழுத்து வேறிடத்தில் விழும். அழித்த சொல்லின் வால் திரையில் மிஞ்சி நிற்கும். நீண்ட தமிழ் வரியின் கடைசிச் சொல் பக்கத்துச் சாளரத்துக்குக் குடிபெயரும். கன்ட்ரோல்-எல் தட்டினால் இர்ஸி திரையைப் புதிதாக வரையும். அந்த விசை என் கையின் ஓர் அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது.

கட்டத்தை எண்ணுவது ஒருபுறம், எழுத்தை வரைவது இன்னொருபுறம். எக்ஸ்டெர்ம் போன்ற பழைய டெர்மினல்கள் குறிகளை வந்த வரிசையில் அப்படியே வைக்கும். ஆகவே ‘கெ’ என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’வில் கொம்பும் காலும் சேர்ந்தே பின்னால் வரும். எம்எல்டெர்ம் பல மொழிகளுக்கென்றே எழுதப்பட்டது. இந்திய எழுத்துகளை அது சேர்த்து வரைகிறது. தமிழில் பேசும் மாலைகளுக்கு நான் அதைத்தான் திறக்கிறேன். தட்டுவதற்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மூன்றாவதாக ஒரு நெருக்கடி, ஐஆர்சியின் எலும்பிலேயே இருக்கிறது. ஒரு செய்தி 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. வரி முடிவின் இரண்டு பைட்டும், அனுப்புபவர் பெயரும் முகவரியும், சேனல் பெயரும் அதற்குள்ளேயே அடக்கம். பேச்சுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 400 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் அடி எழுத்துக்கும் அதனோடு சேரும் ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியே மூன்று. ‘நாளை காலை வருகிறேன்’ என்பதை ரோமன் எழுத்தில் தட்டினால் 23 பைட், தமிழில் 53. என் நண்பரோ மூச்சு விடாமல் எழுதுபவர். அவர் முன்பு பயன்படுத்திய கிளையன்ட் நீளத்தைக் கவனிக்காமல் அனுப்பும். சர்வர் 512இல் வெட்டும். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால், கடைசி எழுத்து கேள்விக்குறி போட்ட சதுரமாக வந்து சேரும். இர்ஸியின் இப்போதைய பதிப்புகள் நீண்ட செய்தியைத் தாமே துண்டு போட்டு அனுப்புகின்றன. அவரையும் இர்ஸிக்கு மாற்றிய பிறகு, வாக்கியம் நடுவில் உடைந்தாலும் எழுத்து உடைவதில்லை.

வீச்சாட் என்னும் இன்னொரு கிளையன்ட் இருக்கிறது. 2003இல் பிரான்சின் செபாஸ்டியன் எல்யூ தொடங்கியது, சீனச் செயலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சேனலில் இருப்பவர் பட்டியல் வலப்பக்கம் தெரியும், பைத்தானில் கூடுதல் வசதிகளை எழுதிச் சேர்க்கலாம், புதியவர்களுக்கு அது இணக்கமாகவே இருக்கும். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அமைப்புகளைத் திருத்துவதிலேயே என் மாலைகள் போய்விட்டதால் திரும்பி வந்துவிட்டேன்.

சென்ற மாதம் லிபெராவின் #இர்ஸி சேனலில் இந்தக் கட்டக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். கேட்கலாமா என்று கேட்காமல் நேராகக் கேட்பதே ஐஆர்சி வழக்கம். கேட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், ஓசையில்லை. டிமக்ஸிலிருந்து விலகித் தூங்கப் போனேன். காலையில் அட்டாச் செய்தபோது, பட்டையில் நான்காம் எண் பளிச்சென்றிருந்தது. பேஜ்-அப் தட்டிப் பார்த்தால், இந்திய நேரம் 3:47க்கு ஒருவர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: டபிள்யுசிவிட்த் இம்ப்ளிமென்டேஷன் என்றோர் அமைப்பு உண்டு, அதைச் சிஸ்டம் என்றும் ஜூலியா என்றும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கட்டத்தை எண்ண எந்த அட்டவணையைப் பார்ப்பது என்பதை இர்ஸிக்குச் சொல்லும் அமைப்பு அது. சிஸ்டம் என்று வைத்தேன். என் விபிஎஸ்ஸில் இர்ஸியின் எண்ணும் டிமக்ஸின் எண்ணும் ஒத்துப்போயின. நால்வரில் இருவர் சமாதானமாகிவிட்டனர். நன்றி சொல்வதற்குள் அவர் போய்விட்டிருந்தார். மறுநாள் அதே நேரத்துக்கு அவர் கண்ணில் படும் என்று சேனலிலேயே எழுதி வைத்தேன். கன்ட்ரோல்-எல் தட்டுவது இப்போது நாளுக்கு நாலைந்து முறையாகக் குறைந்திருக்கிறது. எக்ஸ்டெர்மில் கொம்பு மட்டும் இன்னும் பின்னால்தான் நிற்கிறது.